மே மாசத்துத் தேதி

அக்கா மகன் கேஸைப் பெரியவங்களைப் போல விசாரிக்கிற கோர்ட்டுக்கு அனுப்பறதா வேண்டாமான்னு மூணு மாசம் கெல்லீஸுக்கு அலைந்த கதை இது. வடசென்னைப் பையன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பையனை அடையாளம் காட்டினால் சட்டப்படி ஆறு மாசம் வரை சிறை, 2 லட்சம் வரை அபராதம். இது தெரியாமல் எங்க ஏரியா வாட்ஸ்அப் குரூப்பில் அவன் போட்டோவைச் சுற்றவிட்டவர்கள் சொந்தக்காரர்கள்தான்.

போன ஜூலை, ராத்திரி பத்தரை மணி. வண்டி ஓட்டினது இவன். பின்னால் இரண்டு பேர், ஒருத்தனுக்கு 19, இன்னொருத்தனுக்கு 22. பேசின் பிரிட்ஜ் பக்கம் ஒருத்தரிடம் செல்போனைப் பிடுங்க, அவர் விடாமல் இழுக்க, 22 வயசுக்காரன் கத்தியை எடுத்துக் கையைக் கிழித்துவிட்டான். அவருக்கு ஏழு தையல். இவன் செய்தது தப்பில்லை என்று நான் சொல்ல வரவில்லை, அந்த மனுஷன் கையை நினைத்தால் இன்னமும் எனக்குக் கூசுகிறது.

பெரியவர்கள் இரண்டு பேரும் புழல் ஜெயிலுக்குப் போனார்கள். இவனை ஒரு ராத்திரி ஸ்டேஷனில் உட்கார வைத்து, மறுநாள் கெல்லீஸில், 18 ஆகாதவர்கள் கேஸை விசாரிக்கிற இளைஞர் நீதிக் குழுமத்தில் நிறுத்தினார்கள். சிறுவர்களை லாக்கப்பில் வைக்கவே கூடாது, 24 மணி நேரத்துக்குள் குழுமத்தில் நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அப்புறம்தான் எனக்குத் தெரியும்.

இலவச சட்ட உதவியில் கிடைத்த வக்கீல் அம்மா எப்.ஐ.ஆரைப் படித்துவிட்டு, "கொலை முயற்சின்னு போட்டிருந்தாக்கூட இவ்வளவு சிக்கல் இல்ல" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. 16 முடிந்து 18 ஆகாத பையனைப் பெரியவங்களைப் போல விசாரிக்கலாமா என்ற கேள்வியே "கொடிய குற்றம்" என்றால்தான் வரும், அதாவது குறைந்தபட்ச தண்டனையே ஏழு வருஷமாவது இருக்கிற குற்றம். கொலை முயற்சிக்கு அப்படிக் குறைந்தபட்சம் கிடையாது. ஆபத்தான ஆயுதத்தைப் பயன்படுத்திக் கொள்ளையடித்தால் உண்டு, பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) 311ஆம் பிரிவு, ஏழு வருஷத்துக்குக் குறையக் கூடாது. ஒரு செல்போன், ஒரு கத்தி, அவ்வளவுதான். ஆயுதத்தை எடுத்தவனுக்குத்தான் அந்தப் பிரிவு பொருந்தும், வண்டி ஓட்டினவனுக்கு இல்லை என்று வக்கீல் வாதாடினார். அதெல்லாம் விசாரணையில் பார்க்கலாம், இப்போதைக்கு எப்.ஐ.ஆரில் இருப்பதை வைத்துப் போவோம் என்று குழுமத்தில் சொல்லிவிட்டார்கள்.

அடுத்தது வயசு. இதில்தான் நாங்களே எங்கள் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோம். பையன் பிறந்தது செப்டம்பரில், ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியில், வெளியே மழையில் நின்றவன் நான்தான். ஒண்ணாவது சேர்க்கும்போது அஞ்சு வயசு முடியவில்லை என்றதால் மே மாசத்தில் ஒரு தேதியைப் போட்டுச் சேர்த்துவிட்டோம். எல்லாரும் செய்வதுதானே! நிஜப்படி சம்பவத்தன்று அவனுக்கு 15 வருஷம் 10 மாசம். பத்தாவது மார்க் ஷீட்டின்படி 16 வருஷம் 2 மாசம். மாநகராட்சி பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு நான் ஜம்பமாகப் போனேன். பள்ளிச் சான்றோ பொதுத்தேர்வுச் சான்றோ இருந்தால் அதுதான் முதலில், அது இல்லாவிட்டால்தான் பிறப்புச் சான்றிதழைப் பார்ப்பார்கள் என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 94ஆம் பிரிவிலேயே இருக்கிறதாம். 16 தாண்டி இரண்டு மாசம் என்ற கணக்கில் மாட்டினான்.

பெரியவங்களைப் போல விசாரிக்கலாமா என்று குழுமம் முதலில் பார்க்கிற பிரிலிமினரி அசெஸ்மெண்ட் என்பது குற்றம் செய்தானா இல்லையா என்ற விசாரணை இல்லை. அதைச் செய்யும் அளவுக்கு மனசும் உடம்பும் முதிர்ந்திருக்கிறதா, விளைவு புரிகிறதா, எந்தச் சூழ்நிலையில் நடந்தது, இதுதான் கேள்வி. இவனை நிறுத்திய நாளிலிருந்து மூன்று மாசத்துக்குள் முடிக்க வேண்டும்.

மனநல நிபுணர் இவனிடம் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார். அடுத்த வாய்தாவில் அறிக்கை நகல் கேட்டு வாங்கினோம். தானாக வந்துவிடும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள், கேளுங்கள். அதில் இப்படி இருந்தது: கத்தி பட்டால் என்ன ஆகும்? "ரத்தம் வரும்." அப்புறம்? "தையல் போடுவாங்க." போன் போனவருக்கு? "வேற வாங்கிக்குவாரு." உன் படிப்பு? "பிளஸ் டூ எழுதுவேன்."

அக்காவுக்கு மானமே போய்விட்டது. "இப்படியாடா வளர்த்தேன்" என்று குழும வாசலிலேயே அழுதாள். வக்கீலோ அந்தப் பக்கத்தை மடித்து வைத்துக்கொண்டார். குருகிராம் பள்ளிக் கொலை வழக்கில் 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னதாம், விளைவு என்றால் உடனே நடப்பது மட்டுமில்லை, பாதிக்கப்பட்டவர், பையன், இரண்டு குடும்பங்கள் எல்லாருக்கும் பின்னால் வரப்போவதும் சேர்த்துத்தான் என்று. கத்தி கிழிக்கும் என்பது மூன்று வயசுக் குழந்தைக்கும் தெரியும். அதற்கு அந்தப் பக்கம் இவனுக்கு எதுவும் தெரியவில்லை என்பதைத்தான் அவன் வாயாலேயே சொல்லியிருந்தான்.

சூழ்நிலைக்கு நான் ஓடினேன். நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்தபோது, விடியற்காலையில் காசிமேட்டில் ஐஸ் உடைக்கப் போய்விட்டுத்தான் இவன் பள்ளிக்கூடம் போவான் என்பதைச் சொல்ல அக்கா கூச்சப்பட்டாள், நான்தான் சொன்னேன். வண்டி அந்த 22 வயசுக்காரனுடையது, சாவியைக் கொடுத்தால் இவன் எங்கே வேண்டுமானாலும் ஓட்டுவான் என்பதையும் சொன்னேன்.

ஏரியாவில் ஆளாளுக்கு "புழல்தான்" என்றார்கள். அப்படியெல்லாம் இல்லை. குழுமம் அனுப்பினாலும், பெரியவங்களைப் போல விசாரிக்கத்தான் வேண்டுமா என்று சில்ட்ரன்ஸ் கோர்ட் மறுபடி பார்க்கும், தண்டனை கிடைத்தாலும் 21 வயசு வரை ஜெயிலில் போட முடியாது. அனுப்பும் உத்தரவு வந்தால் 30 நாளில் செஷன்ஸ் கோர்ட்டில் அப்பீல் உண்டு.

அக்டோபரில் மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும் உட்கார்ந்து, கேஸைக் குழுமமே விசாரிக்கும் என்று உத்தரவு போட்டார்கள். குற்றம் உறுதியானாலும் சிறப்பு இல்லத்தில் மூன்று வருஷம்தான் உச்சம். வாசித்து முடித்ததும் பையன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "மாமா, இன்னைக்கு ஸ்கூலுக்கு லீவு சொல்லிட்டியா?"

கேஸ் இன்னும் நடக்கிறது, அடுத்த வாய்தா அடுத்த மாசம். இதற்கு நடுவில் நான் அவன் தங்கச்சி பள்ளிக்கூடத்துக்கும் அலைகிறேன். எட்டாவது படிக்கிறாள், அவளுக்கும் ஒரு மே மாசத்துத் தேதிதான் போட்டிருக்கிறோம், பத்தாவது பரீட்சைக்குள் மாற்றியாக வேண்டும்.