கணக்குக் கேட்பதற்கு முன் ஒரு வார்த்தை

மார்த்தாண்டம் பக்கத்து முந்திரி ஆலைகளுக்கு மேற்பார்வையாளராக வரும் இளைஞர்களிடம் விடாமல் சொல்கிறேன்: எடை போடும் நேரத்தில் மட்டும் தொழிலாளியின் முகத்தைப் பார்த்தால் போதாது.

எங்கள் ஆலையில் கொட்டை உடைக்கும் பிரிவைக் கவனிக்கும் அக்கா, வேலை தொடங்குமுன் வரிசை வரிசையாக ஒரு சுற்று வருவார். "மகளுக்கு நாகர்கோவில் காலேஜில் இடம் கிடைத்ததா மக்களே?" என்று ஒருவரிடம் கேட்பார். இன்னொருவரின் விரல்களைப் புரட்டிப் பார்ப்பார். கொட்டை எண்ணெய் பட்டுத் தோல் வெந்திருந்தால், அன்றைக்கு அவரைத் தரம் பிரிக்கும் மேசைக்கு மாற்றிவிடுவார். நேற்றுக் கேட்ட செய்தியை இன்று மறக்காமல் விசாரிப்பார். எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது. ஆனி, ஆடி மழையிலும் அவர் பிரிவில் ஆள் குறைவதில்லை.

அமெரிக்காவில் சிகாகோ அருகே தொலைபேசிக் கருவிகள் செய்த ஹாத்தார்ன் ஆலையில், 1928 முதல் ஆய்வுக்காக 20,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்களிடம் நேர்காணல் செய்பவர்கள் பேசினார்கள். முதலில் கேள்விகளைத் தயாரித்துக்கொண்டு போனார்கள். பிறகு அவற்றை ஓரம் வைத்துவிட்டு, அவரவர் மனதில் இருந்ததைப் பேசவிட்டார்கள். தொழிலாளி சொல்லும் குறைக்குப் பின்னால் பல நேரம் வீட்டுக் கவலையும் இருந்தது அப்போதுதான் வெளியே வந்தது.

கூலியும் பி.எஃப். பணமும் முறையாகக் கொடுத்த பிறகே இந்தப் பேச்சுக்கு மதிப்பு. கேட்ட குறைக்குப் பதில் சொல்லாமல் விட்டால், கேட்காமலே இருந்திருக்கலாம் என்று ஆகிவிடும். தீபாவளி போனஸ் நாளில் மட்டும் சிரித்தால் போதாது. வாரத்துக்கு ஒருமுறையாவது, ஆளுக்கு ஐந்து நிமிடம், கையில் நோட்டு இல்லாமல் உட்காருங்கள்.

உங்கள் வேலையிடத்தில் இப்படிக் கேட்கிறவர் இருந்தால், அவரைப் பற்றி இங்கே எழுதுங்கள்.