கத்தரி வயலில் கரும்புச் சோகை மூடாக்கு

கரும்பு வெட்டி முடித்ததும் சோகைக்கு, அதாவது காய்ந்த தோகைக்கு, தீ வைப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ஓர் ஏக்கர் கரும்பில் 3 முதல் 4 டன் சோகை விழும். அரை ஏக்கர் கத்தரியில் மண்ணை மூடிப் பரப்பி (இதுதான் மூடாக்கு) களையை அடக்க அது போதும்.

சோகை போடுவதற்கு முந்தைய வேலைதான் முக்கியம். கடைசி உழவு ஓட்டி, பார் (நடுவதற்கான மண்மேடு) பிடித்து, நடாமலே ஒரு தண்ணீர் கட்டுங்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் சாரணை, குப்பைக்கீரை, பார்த்தீனியம் எல்லாம் முளைத்துவிடும். மேலாகச் செதுக்கி எடுத்துவிட்டு நாற்று நடலாம். ஆழமாகக் கொத்தினால் அடியில் கிடக்கும் விதை மேலே வந்து மறுபடி முளைக்கும்.

நட்ட 15 நாளில் ஒரு கைக்களை, கையோடு சோகை. சதுர மீட்டருக்கு 2 கிலோ காய்ந்த சோகை வேண்டும். உதிரியாகப் பரப்பினால் நாலு அங்குலம் நிற்கும். முழுத் தோகையாகப் போட்டால் இடுக்கில் வெளிச்சம் இறங்கும், ஆகவே ஒரு சாண் அளவுக்கு நறுக்குவோம். சொட்டுநீர்க் குழாய் சோகைக்கு அடியில் இருக்கட்டும். பரப்பியதும் தண்ணீர் தெளிக்காவிட்டால் காற்று அள்ளிப் போய்விடும். தண்டைச் சுற்றி நாலு விரற்கடை இடம் விட வேண்டும். ஈரச் சோகை தண்டை ஒட்டிக் கிடந்தால் தூர் அழுகும்.

20 நாள் கழித்துச் சோகையை விலக்கிப் பார்த்தால், முளைத்த களை வெளிச்சம் கிடைக்காமல் நூல் மாதிரி வெளிறிச் சாய்ந்திருக்கும். கோரை மட்டும் குத்திக்கொண்டு மேலே வந்திருக்கும். அது கிழங்கில் சேர்த்துவைத்த சத்தைக் கொண்டு வளர்வதால் சோகை மூடாக்குக்கு அடங்காது. கோரையும் அருகும் மண்டிய வயலென்றால், முதலில் கோடை உழவு ஓட்டிக் கிழங்கை வெயிலில் காயவிட்டுப் பொறுக்கித்தான் ஆக வேண்டும்.

சோகையை மண்ணோடு கலந்துவிடாதீர்கள். அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், செடி வெளுத்துவிடும். அப்படி வெளுத்தால் கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்துத் தூரில் ஊற்றுங்கள். மேலே கிடக்கும் சோகையால் இந்தத் தொல்லை குறைவு. காய்ந்தே கிடந்தால் கறையான் ஏறும். அடியில் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேரடியாக விதைக்கும் கீரைக்கும் வெண்டைக்கும், விதை முளைத்து ஒரு சாண் உயரம் வரும்வரை மூடாக்கு வேண்டாம். சோகை கிடைக்காமல் வைக்கோல் போடுகிறவர்கள் நன்றாக உதறிவிட்டுப் போடுங்கள், ஒட்டியிருக்கும் நெல் முளைத்து அதுவே களையாகிவிடும். சோளத்தட்டையில் முளைப்பை அடக்கும் பொருள்கள் இருப்பதால் களைக்கு நல்லதுதான். ஆனால் இளநாற்றையும் அது வாட்டும், வேர் பிடித்தபின் போடுங்கள்.