பரிந்துரைக் கடிதத்தை யாரிடம் கேட்பது?

ஒக்டோபர் பிறந்துவிட்டால், உயிரியல் விஞ்ஞானத்தில் கலாநிதிப் பட்ட ஆய்வுக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் மாணவர்கள் கொழும்பில் என்னைத் தேடி வரத் தொடங்குவார்கள். அமெரிக்கத் துறைகள் பலவற்றின் முடிவுத் திகதி டிசம்பர் தொடக்கத்திலேயே வந்துவிடுவதால் அவர்களுடைய அவசரம் நியாயமானது. பட்டத்தில் இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு போதுமா, ஜீஆர்ஈ என்ற பட்டப்பின் படிப்பு அனுமதிப் பரீட்சையை எழுத வேண்டுமா என்றே பெரும்பாலும் கேட்கிறார்கள். உயிரியல் துறைகள் பல ஜீஆர்ஈயைக் கைவிட்டுவிட்டன. உண்மையில் அதிகம் யோசிக்க வேண்டியது பரிந்துரைக் கடிதங்களைப் பற்றித்தான்.

அங்கே வழமையாக மூன்று கடிதங்கள் கேட்பார்கள். பல துறைகளில் மாணவரைத் தெரிவு செய்வது ஒரு தனிப் பேராசிரியர் அல்லர், ஒரு குழு. சேர்ந்த பின்னர் முதலாம் ஆண்டில் இரண்டு மூன்று ஆய்வுகூடங்களில் சில வாரங்கள் வீதம் பணியாற்றியே மேற்பார்வையாளரைத் தெரிவு செய்கிறார்கள். ஆகவே, இந்தப் பிள்ளை ஆய்வுகூடத்தில் எப்படி நடந்துகொள்வார் என்பதை அறியவே அந்தக் குழு கடிதங்களைப் புரட்டுகிறது. விரிவுரை மண்டபத்தில் நூறு பேரில் ஒருவராக மட்டுமே உங்களைக் கண்ட மூத்த பேராசிரியர், நீங்கள் கெட்டிக்காரர், ஒழுக்கமானவர் என்பதற்கு மேல் எதை எழுத முடியும்?

இறுதியாண்டு ஆய்வில் டெங்கு வைரசின் நான்கு வகைகளை, மரபணுப் பகுதிகளைப் பன்மடங்கு பெருக்கிக் காட்டும் பீசீஆர் முறை மூலம் பிரித்தறிய முயன்ற ஒரு மாணவியை நினைக்கிறேன். வைரசின் மரபணுப் பொருளுக்குப் பதிலாக வெறும் நீர் சேர்த்ததால் எதுவுமே தெரியக்கூடாத கட்டுப்பாட்டுக் குழாய்க்குரிய இடத்திலும், முடிவைக் காட்டும் ஜெல்லில் மங்கலான ஒரு பட்டை தெரிந்தது. அவர் அதைப் புறக்கணிக்கவுமில்லை, எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றவுமில்லை. நொதியம், பிரைமர் எனும் சிறு டீஎன்ஏ துண்டுகள், நீர் என ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து, மாசு நீரில்தான் இருக்கிறது என்று நிறுவிவிட்டே மேலே சென்றார். அவருக்காக நான் எழுதிய கடிதத்தில் பாதி இந்த ஒரு சம்பவமே. அவருடைய மதிப்பெண்களை ஒரு வரியில் முடித்துக்கொண்டேன். அவை பெறுபேற்றுப் பத்திரத்தில் இருக்கின்றனவே.

பதவி பெரிதா என்று பாராமல், உங்கள் ஆய்வுக் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தவரிடமே கேளுங்கள். "நீங்களே எழுதிக்கொண்டு வாருங்கள், கையொப்பமிடுகிறேன்" என்று சொல்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். மாணவருக்கு இதைவிடப் பெரிய தீங்கு இல்லை என்றே கருதுகிறேன். தன்னைத் தானே புகழ்ந்து எழுதும் இருபத்து நான்கு வயதுப் பிள்ளைக்குத் தன் வேலையில் எது அபூர்வமானது என்று எப்படித் தெரியும்?

என்னிடம் வருபவர்கள் ஒரு பக்கக் குறிப்பைக் கொண்டுவந்தால் போதும்: என்ன செய்தீர்கள், எது சரிவரவில்லை, அதற்கு என்ன செய்தீர்கள், எந்தத் துறைகளுக்கு விண்ணப்பிக்கிறீர்கள், ஒவ்வொன்றின் முடிவுத் திகதி என்ன. கடிதத்தைப் பதிவேற்றும் இணைப்பு எனது பல்கலைக்கழக மின்னஞ்சலுக்கு வரும்படி விண்ணப்பத்தில் அந்த முகவரியையே கொடுங்கள். முடிவுத் திகதிக்கு ஒரு மாதம் முன்னரே குறிப்பு என் கையில் இருந்தால், ஒவ்வொரு துறைக்கும் ஏற்றபடி எழுத எனக்கு நேரம் கிடைக்கும்.