பத்தாவது விநாடி

“சார், எந்த ரீடிங்கை எழுதட்டும்?”

அண்ணன் கேட்டது அவ்வளவுதான். கோலார் தங்கவயல்காரர், என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னை சார் என்பார். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுகிறவன் நான், அதனால் அந்த ‘சார்’.

அன்று காலையில் நடந்ததில் தப்பில்லை என்று இப்போதும் சொல்வேன். வண்டியில் வைத்துப் பேசுகிற விஎச்எஃப் ரேடியோ செட், அது வெளியே அனுப்பும் பவர் குறைந்தது 25 வாட் வர வேண்டும். மீட்டர் 13.82 டிபிஎம் காட்டியது, ஒரு மில்லிவாட்டுக்கு மேல் எத்தனை டெசிபெல் என்ற கணக்கு அது. மீட்டருக்குப் போகும் பவரைக் குறைக்க நடுவில் இருக்கும் அட்டெனுவேட்டருக்கு 30 டெசிபெல் கூட்டினால் 43.82, அதாவது 24.1 வாட். ஃபெயில். அடுத்த செட்டும் அப்படியே. அலமாரியிலிருந்து பழைய ஊசி மீட்டரை எடுத்துப் போட்டால் அது 26 என்றது. எட்டிப் பார்த்த புரொடக்‌ஷன்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது. 50 வாட் வரை அளக்கும் எலிமென்ட் போட்ட மீட்டர் அது. பிழை முழு அளவில் 5 சதவீதம், அதாவது 2.5 வாட். 26 என்று காட்டினால் உண்மையில் 23.5ஆகவும் இருக்கலாம், 28.5ஆகவும் இருக்கலாம். ஆறுதலுக்கு ஆகும், ரிப்போர்ட்டுக்கு ஆகாது.

அதற்குப் பிறகுதான் அட்டெனுவேட்டரின் கேலிப்ரேஷன் சான்றிதழைத் தேடி எடுத்தேன். உடம்பில் 30 என்று பொறித்திருந்தாலும் 160 மெகாஹெர்ட்ஸில் அது 30.2. பழையது கருகிப்போய் மூன்று மாதத்துக்கு முன் இதை மாட்டியபோது, புரோகிராமில் எண்ணை மாற்றாமல் விட்டிருந்தோம். 0.2 டெசிபெல் என்றால் காதுக்கு ஒன்றுமே இல்லை. வாட்டில் கிட்டத்தட்ட 5 சதவீதம். 24.1 என்பது 25.2 ஆனது. பாஸ். தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் வரைக்கும் வேர் போகிற சான்றிதழ் அது. நானாக எதையும் கூட்டிப் போடவில்லை.

எல்லோரும் கலைந்த பிறகும் அண்ணன் கீயை, அதாவது செட்டை ஒலிபரப்ப வைக்கும் பொத்தானை, விடவில்லை. பிடித்தபடியே நின்றார். 25.2, 25.0, 24.8. ஒரு நிமிஷம் ஆனபோது 24.5.

“அட்டெனுவேட்டரும் சூடாகுமே அண்ணா, அதுதான் இறங்குதோ என்னவோ” என்றேன். எனக்கு அப்படி இருந்தால் நன்றாக இருக்கும்.

அவர் பதில் சொல்லவில்லை. சுடச்சுட இருந்த அதே அட்டெனுவேட்டரில், இன்னும் ஆன் பண்ணாத வேறொரு செட்டை மாட்டிக் கீயை அழுத்தினார். 25.2.

“செட்டுதான் சார்.”

இரண்டில் எது மாறுகிறது என்று தெரிய ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது பாடப்புத்தகத்தின் முதல் பாடம். அது எனக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியும் சொல்லாமல் இருந்தேனோ என்பதுதான் என் சந்தேகம். சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க்கே சூடேறினால், பவரைத் தருகிற ஃபைனல் டிரான்சிஸ்டரின் கெயின், அதாவது பெருக்கும் திறன், இறங்கும், ஊரறிந்த விஷயம். அப்புறம்தான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“பத்து செகண்டுல வர்றதை எழுதுங்கண்ணா. எவ்வளவு நேரம் கழிச்சு அளக்கணும்னு அவங்க கேக்கல.”

“சரி சார்.”

உண்மையாகவே கேட்கவில்லை. செட்டை வாங்குகிறவர்கள் கொடுத்த ஸ்பெக்கில் வோல்டேஜ் இருந்தது, ஃப்ரீக்வென்சி இருந்தது, நேரம் இல்லை. ஒரு போன் போட்டிருந்தால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்திருக்கும். ‘ஒரு நிமிஷம்’ என்று சொல்லிவிடுவார்களோ என்றுதான் போடவில்லை.

எனக்கு நானே சொல்லிக்கொள்வது இது: சென்சார், கேபிள், மிஸ்மேட்ச் எல்லாம் சேர்த்து எங்கள் அளவீட்டிலேயே 0.3 டெசிபெல், அதாவது 7 சதவீதம் முன்னேபின்னே இருக்கும். 25.2க்கும் 24.5க்கும் வித்தியாசம் 0.12 டெசிபெல். ரிசீவரில் சிக்னலின் பலத்தைக் காட்டும் எஸ் மீட்டரில் ஒரு படி ஏறவே 6 டெசிபெல், அதாவது நாலு மடங்கு பவர், வேண்டும். எந்த டிரைவரும் இந்த செட்டில் ஒரு நிமிஷம் மூச்சுவிடாமல் பேசப்போவதில்லை. யாருக்கு என்ன நஷ்டம்?

ஆனால் இந்தக் கணக்கு காலையிலும் இருந்ததே. 24.1உம் அதே 7 சதவீதத்துக்குள்தான் அடங்கும். அப்போது அதைச் சொல்லிவிட்டுப் போகாமல் பீரோவைக் குடைந்தேன். மீட்டர் 25.4 காட்டியிருந்தால் அந்தச் சான்றிதழ் பிளாஸ்டிக் உறையைவிட்டு வெளியே வந்திருக்குமா? நிச்சயம் வந்திருக்காது. குறைவாக வந்தபோது கூட்டுவதற்கு வழி தேடினேன், கிடைத்தது. கூடுதலாக வந்த பிறகு குறைப்பதற்கு ஒரு வழி தானாக வந்து நின்றது. அதை ‘அவங்க கேக்கல’ என்று அனுப்பிவிட்டேன். முதலாவது திருத்தம் சரியானது, இரண்டாவதை விட்டதற்கும் விதிப்படி காரணம் இருக்கிறது. தனித்தனியாக இரண்டுக்கும் என்னால் வாதாட முடியும்.

இன்னொன்றும் உண்டு. அந்த மூன்று மாதத்தில் ஃபெயில் ஆன செட்களை எல்லாம் புரொடக்‌ஷனில் பவரை ஏற்றி, பாஸ் ஆக்கி அனுப்பியிருந்தோம். 30 என்ற தப்பான எண்ணை நம்பி. அவை தேவைக்கு மேல் சூடாகி எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கும். அந்த ரிப்போர்ட்டுகளை யாரும் திரும்ப எடுக்கவில்லை, நானும்தான். பாஸ் ஆனதை எவன் எடுத்துப் பார்ப்பான்?

அண்ணன் ரிட்டயர் ஆகிப் போகும்போது அவருடைய நீல நோட்டை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அன்றைய பக்கத்தில் ஒவ்வொரு செட்டுக்கும் இரண்டு எண்கள் இருக்கின்றன. 25க்கு மேல் உள்ளவை பேனாவில், பக்கத்தில் 24-சொச்சம் பென்சிலில். என்னிடம் காட்டத்தான் எழுதினாரா, வெறும் பழக்கமா, கேட்டதில்லை.

அதற்குப் பிறகு ஃபார்மில் ஒரு வரி சேர்த்தேன்: ‘கீ அழுத்திய 10ஆவது விநாடியில் எடுத்த அளவு.’ நேர்மைக்காகச் சேர்த்ததாகத்தான் நினைத்தேன். போன மாதம் புதிதாகச் சேர்ந்த சேலத்துப் பெண், “ஏன் சார் பத்து? முப்பது வச்சா என்ன?” என்று கேட்டாள்.

“இங்க வழக்கமே அதுதாம்மா” என்றேன்.