புய என்பின் துளை

ஒக்டோபர் 3
கோழிச் செட்டையைத் தண்ணீரில் ஊறவைத்துச் சதை நீக்கி, புய என்பில் (தோளுக்கும் முழங்கைக்கும் இடைப்பட்ட என்பு) காற்றுப் போகும் துளையைப் பார்க்கப் போகிறேன். ஊர்க்கோழி, இரண்டு வருசம் போன பேடு. இறைச்சிக் கோழி இதற்குச் சரிவராது. ஆறு கிழமைக் குஞ்சின் என்பு முனைகள் இன்னும் கசியிழையம்தான், அதாவது குருத்தெலும்பு. ஊறினால் கழன்றுவிடும், அதோடு துளையும் போய்விடும்.

சதை களைய முன் ஒரு வேலை. பெரிய நெஞ்சுச் சதையை உரித்தால் அடியில் சிறிய சதை ஒன்று நெஞ்சென்போடு ஒட்டிக் கிடக்கும். அதைப் பின்பக்கமாக இழுத்தால் செட்டை மேலே எழும்புகிறது. கீழே கிடக்கிற சதை எப்படி மேலே தூக்கும்? அதன் நாண், தோளில் மூன்று என்புகள் சந்திக்கும் துவாரத்தினூடாக ஏறி, கிணற்றுக் கப்பியில் கயிறு திரும்புவது போலத் திரும்பி, புய என்பின் மேற்பக்கத்தைப் பிடிக்கிறது. மூன்று தரம் இழுத்துப் பார்த்தேன். மூன்று தரமும் எழும்பியது.

ஒக்டோபர் 4
வலது, இடது செட்டைகள் தனித்தனிப் பேணியில், தண்ணீருக்குள். செட்டை நுனியின் சிறு என்புகளை நைலோன் துணியில் முடிந்து போட்டாயிற்று. இல்லாவிட்டால் தண்ணீரோடு ஓடிவிடும். அவிக்கவில்லை. அவித்தால் கொழுப்பு என்புக்குள் இறங்கி, காய்ந்த பிறகு மஞ்சளாகக் கசியும்.

ஒக்டோபர் 9
நாற்றம். பாதித் தண்ணீர்தான் மாற்றினேன். முழுவதையும் ஊற்றினால் சதையை அழிக்கிற பற்றீரியாவும் போய்விடும்.

ஒக்டோபர் 10
துளை இன்னும் தெரியவில்லை.

ஒக்டோபர் 17
தெரிகிறது! வலது புய என்பு, தோள்முனைக்குச் சற்றுக் கீழே, உட்பக்கக் குழிக்குள். இதனூடாகத்தான் நுரையீரலோடு தொடுத்த காற்றுப்பை என்புக்குள் நுழைகிறது. காற்றுக்குழாயை அடைத்த பறவை, வெட்டிய புய என்பினூடாக மூச்சுவிட்டதை 18ஆம் நூற்றாண்டிலேயே உடற்கூற்றியலாளர் ஜோன் ஹண்டர் காட்டிவிட்டார். மூழ்கி இரை தேடும் பறவைகளில் என்புக்குள் இப்படிக் காற்று நிறைந்த அறை குறைவு. பென்குயினின் புய என்பு தட்டையானது, கனமானது. மிதப்பு அங்கே இடைஞ்சல்.

அரந்தியை (முன்கையின் இரண்டு என்புகளில் ஒன்று) தடவினால் வரிசையாகச் சிறு புடைப்புகள், மங்கலாக. இறகு வேரூன்றிய இடங்கள். 2007இல் வெலோசிராப்டர் என்ற டைனோசோரின் அரந்தியிலும் இதையே கண்டார்கள். அற்றுப்போன பறக்கும் ஊர்வனவான டெரோசோரில் தேடிப் பயனில்லை. அதன் செட்டை தோல், தாங்கியது நீண்டு வளர்ந்த நான்காம் விரல்.

ஒக்டோபர் 18
என்பு பொள்ளலாக இருப்பது பாரம் குறைக்க மட்டும் என்று எழுதுகிறார்கள். மனம் ஆறவில்லை. ஏ4 தாளைக் குழாயாகச் சுருட்டி விளிம்பை ஒட்டி முறுக்கிப் பார்த்தேன், இறுகி நிற்கிறது. ஒட்டிய இடத்தைக் கத்தியால் நீளத்துக்குக் கீறினேன், உடனே வளைந்து கொடுத்தது. பறக்கும்போது காற்றின் உந்தல் என்புக்குப் பின்னால் விரிந்த இறகிலோ தோலிலோ விழுகிறது. அதனால் என்பு முறுகும். அதைத் தாங்குவது அகன்ற, மெல்லிய, மூடிய குழாய். சுவர் மெலிந்தால் நசியும் ஆபத்து வரும். அதற்குத்தான் பெரிய டெரோசோர்களின் என்புக்குள் குறுக்குத் தாங்கிகள்.

ஒக்டோபர் 19
துளையின் விளிம்பில் வெள்ளைப் படிவு. கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு. கடைசி அலசல் மழைத்தண்ணீரில் செய்திருக்க வேண்டும்.

ஒக்டோபர் 20
3 சதவீத ஐதரசன் பெரொக்சைட்டு, வலதுக்கு மட்டும். பிளீச்சிங் பவுடர் தொடவே கூடாது. மேற்பரப்பு மாவாகும், துளையைச் சுற்றிய மெல்லிய விளிம்பு முதலில் உதிரும். நிழலில் காய்கிறது. இடது இன்னும் பேணிக்குள்.