மெண்டோட்டா ஏரிக்கரைக் குறிப்புகள்

ஜனவரி 8
காய்ச்சல் இறங்கவில்லை. ரத்தப் பரிசோதனை முடிவும் வரவில்லை.

ஜனவரி 9
நள்ளிரவுக்கு மேல் வானொலியில் ஒரு கிட்டார், ஒரு குரல். ஆணா பெண்ணா என்றே முதலில் பிடிபடவில்லை. அத்தனை உயரத்தில், கள்ளத்தொண்டையில் பாடுகிறார். பல்லவிக்கு வந்ததும் அந்த மென்மை கிழிந்து கத்தலாகிவிடுகிறது. எழுந்து உட்கார்ந்துவிட்டேன். பாட்டின் பெயர் 'ஸ்கின்னி லவ்'. பாடியது போன் ஈவேர்.

ஜனவரி 10
நாள் முழுவதும் அதே பாட்டு.

ஜனவரி 12
இவர் இந்த விஸ்கான்சின் மாநிலத்துக்காரர்தான்! போன் ஈவேர் என்ற பெயரில் பாடும் ஜஸ்டின் வெர்னன், ஓ கிளேர் ஊர். வட கரோலினாவில் இசைக்குழு கலைந்து, காதல் முறிந்து, உடம்பும் கெட்டு ஊர் திரும்பியவர். 2006 குளிர்காலத்தில் அப்பாவின் வேட்டைக் குடிலுக்குத் தனியாகப் போய், சில மாதங்கள் அங்கேயே இருந்து பதிவு செய்திருக்கிறார். 2007இல் ஆல்பமாகத் தாமே வெளியிட்டார். 2008இல்தான் ஜாக்ஜாகுவார் இசை நிறுவனம் உலகுக்குக் கொண்டுபோனது.

அவருக்கும் கல்லீரலில் தொற்றாம். அதற்கு மேல் படிக்கவில்லை.

ஜனவரி 13
அம்மா ஃபோனில் கீழாநெல்லி என்கிறாள். இந்தப் பனியில் எங்கே போய்ப் பறிப்பது? அவளைப் பற்றி மட்டும் அம்மா கேட்கவில்லை. புண்ணியமாகப் போகட்டும்.

ஜனவரி 15
ஹெட்ஃபோனில் கேட்டால் இது வேறு பாட்டு. கிட்டாரின் கம்பிகளை வழக்கம்போல் வைக்காமல் 'சி' சுருதிக்கு மாற்றியிருக்கிறார். மெல்லிய கம்பிகள் இரண்டும் ஒரே ஸ்வரம்; மீட்டும்போது மயிரிழை விலகி, ஒன்றோடொன்று உரசி நடுங்குகின்றன. தேர்ந்த ஸ்டூடியோ இதைத் துடைத்து எடுத்திருக்கும். நல்லவேளை, அவரிடம் இருந்தது மேடைகளில் சாதாரணமாகப் புழங்கும் எஸ்எம்57 மைக்.

அப்புறம் அந்தக் குரல்கள். பின்னால் பலர் பாடுவதாக நினைத்திருந்தேன். எல்லாம் அவரே. பாடியதன் மேல் மறுபடி பாடி அடுக்கியிருக்கிறார். ஒரே சொல்லை ஒரு குரல் சற்று முந்தி முடிக்கிறது, இன்னொன்று பிந்தி முடிக்கிறது. ஆறுதல் சொல்லவும் கூடச் சேர்ந்து அழவும் வேறு ஆள் கிடையாது. பாட்டின் துக்கமே எனக்கு இந்த அடுக்கில்தான் இருக்கிறது, வரிகளில் அல்ல.

2011இல் பேர்டி என்ற ஆங்கிலேயப் பாடகி பியானோவோடு பாடியதையும் கேட்டேன். அழகுதான். ஆனால் கோபம் போய்விட்டது. கோபம் இல்லாமல் இந்தப் பாட்டு எதற்கு?

ஜனவரி 16
ஏரி நன்றாக உறைந்துவிட்டது. நடுவில் கூடாரம் போட்டு மீன் பிடிக்கிறார்கள்.

ஜனவரி 18
அவளுடைய நீலக் கோட்டு இன்னும் ஆணியில் தொங்குகிறது. தபாலில் அனுப்புவதா, வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று விடுவதா?

கெஞ்சிக்கொண்டே வந்தவர் பல்லவியில் திட்டத் தொடங்குகிறார். திட்டும்போதும் அன்பாகத்தான் இருக்கிறது. என்னால் அப்படித் திட்ட முடியாது.

ஜனவரி 20
அழைத்தார்கள். மறுபடியும் ரத்தம் வேண்டுமாம், காரணம் சொல்லவில்லை. காலையில் வெறும் வயிற்றோடு பஸ் பிடிக்க வேண்டும்.