கார் போகாத மாக்கினா தீவில் ஒரு நாள்

திரும்பி வந்து இரண்டு நாள்தான் ஆகிறது. தொடை வலி இன்னும் போகவில்லை. சைக்கிள் கடைக்காரர் மேல் வந்த கோபமும் போகவில்லை. ஆனால் மகள் இன்று காலை எழுந்ததும் கேட்ட முதல் கேள்வி, "அம்மா, அடுத்த வருஷமும் போலாமா?" என்பதுதான். அதனால் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

மாக்கினா, மிச்சிகனின் வடக்கே ஹியூரான் ஏரிக்குள் இருக்கும் சின்னத் தீவு. பெயரை எழுதும்போது கடைசியில் 'க்' வரும், சொல்லும்போது வராது. குதிரைகள் மிரள்கின்றன என்று 1898இல் மோட்டார் வண்டிகளுக்குத் தடை போட்டார்கள். அந்தத் தடை இன்றைக்கும் இருக்கிறது. ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி மாதிரி அவசரத்துக்கு மட்டும்தான் விதிவிலக்கு. கோடையில் மற்றதெல்லாம் நடை, சைக்கிள், குதிரை. கடைகளுக்கு வரும் சரக்குகூடக் குதிரை வண்டியில்தான் போகிறது.

டெட்ராய்ட் பக்கமிருந்து காரில் நாலரை மணி நேரம். எழுபது வயது அம்மாவையும் ஐந்து வயதுப் பையனையும் வைத்துக்கொண்டு ஒரே நாளில் போய்த் திரும்பவே முடியாது, அந்த யோசனையை முதலிலேயே விட்டுவிடுங்கள். தீவுக்குள் தங்க வாடகை எவ்வளவு என்று பார்த்தோம், பார்த்ததோடு சரி. கரையில் இருக்கும் மாக்கினா சிட்டியில் சாதாரண மோட்டல் ஒன்றில் முந்தின இரவு தங்கினோம். அங்கிருந்தே படகு கிடைக்கிறது. பெரிய மாக்கினா பாலத்தைத் தாண்டி அக்கரை ஊரான செயின்ட் இக்னஸ் போய்ப் படகு ஏற வேண்டிய தேவை இல்லை, பாலத்துக்குச் சுங்கமும் மிச்சம்.

படகுத்துறையில்தான் முதல் எரிச்சல். வாசலில் நின்ற பையன் கையைக் காட்டிய பக்கம் காரை விட்டோம், நிறுத்தக் காசு வாங்கிக்கொண்டான். டிக்கெட் வரிசையில் முன்னால் நின்ற ஒரு குடும்பம் சொல்லித்தான் தெரிந்தது, சற்றுத் தள்ளிப் பகல் நேரத்துக்கு இலவச இடமும் இருக்கிறதாம். நாமாகக் கேட்டால் காட்டுவார்களாம். குழந்தைகளோடு வருகிறவர்களிடம் இப்படி நடந்துகொள்வது எனக்குப் பிடிக்கவேயில்லை. ஐந்து பேருக்குப் போக வரப் படகு டிக்கெட்டே நூறு டாலரைத் தாண்டிவிட்ட நாளில் ஒவ்வொரு டாலரும் கணக்குத்தான். இடத்தைக் கேட்டுவிட்டு நிறுத்துங்கள்.

படகில் இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. இறங்கியதும் மூக்கில் ஏறுவது குதிரைச் சாணி வாசனை. அம்மா மட்டும் முகத்தைச் சுளிக்கவில்லை. "சின்ன வயசுல ஸ்டேஷன்ல இறங்கினா இதே வாசனைதான் பாப்பா, ஜட்கா வண்டி வரிசையா நிக்கும்" என்று அங்கேயே நின்றுவிட்டாள். அமெரிக்கா வந்து மூன்று மாதத்தில் அவள் இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்க்கவில்லை.

அங்கே இரண்டாகப் பிரிந்தோம். அம்மா, இவர், பையன் மூவரும் குதிரை வண்டிச் சுற்றுலாவுக்கு. நானும் மகளும் வாடகை சைக்கிளில். இந்தப் பிரிவினைதான் எங்கள் திட்டத்திலேயே உருப்படியானது. தீவைச் சுற்றி ஏரிக்கரையை ஒட்டியே எம்-185 என்ற மாநில நெடுஞ்சாலை போகிறது, 8.2 மைல். நெடுஞ்சாலை என்று பெயர், ஒரு கார் கிடையாது! வீட்டுத் தெருவில் மகளைத் தனியாகச் சைக்கிள் விட எனக்குப் பயம். "ஓரமா போ, பின்னாடி வண்டி வருது பார்" என்று கத்திக்கொண்டே ஓடுவேன். இங்கே ஒரு மைல் தாண்டியபோதுதான் நான் அதுவரை ஒரு தடவைகூடக் கத்தவில்லை என்று உறைத்தது. அவள் சாலை நடுவில் வளைந்து வளைந்து ஓட்டிக்கொண்டு, ஏதோ பாடிக்கொண்டு, என்னை விட்டுவிட்டு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் காடு, இன்னொரு பக்கம் அடியில் கிடக்கும் கல் தெரியும் நீலத் தண்ணீர். ஒன்பது வயதுக்காரி அத்தனை சுதந்திரமாக இருந்து நான் பார்த்ததில்லை.

சுண்ணாம்புக்கல் வளைவான ஆர்ச் ராக், ஏரியிலிருந்து 146 அடி உயரத்தில் நிற்கிறது. கீழே சைக்கிளைப் பூட்டிவிட்டு இருநூறுக்கு மேற்பட்ட படிகளில் மூச்சிரைக்க ஏறினோம். குதிரை வண்டியும் மேலே அங்கேதான் நிற்கும் என்று படித்திருந்தேன், ஆனால் நேரம் ஒத்துவரும் என்று நினைக்கவில்லை. கடைசிப் படியில் கால் வைத்தபோது "அக்கா!" என்று பையன் ஓடி வந்தான். பின்னால் அம்மா, மூன்று குதிரை பூட்டிய வண்டியைக் காட்டிக் காட்டிப் பேசிக்கொண்டு. அங்கேயே நின்றபடி நாலு முறுக்கு தின்றுவிட்டு அவர்கள் வண்டிக்கும் நாங்கள் படிக்குமாகக் கிளம்பினோம்.

பிரிட்டிஷ் லேண்டிங் என்ற கரை கிட்டத்தட்டப் பாதி வழி. பிரிட்டனும் அமெரிக்காவும் போரிட்ட 1812 ஜூலையில் ஆங்கிலேயப் படை இங்கேதான் இருட்டில் இறங்கியது. தீவின் குறுக்கே நடந்துபோய், ஊருக்கு மேலே இருக்கும் கோட்டைக்குப் பின்னால் மேட்டில் பீரங்கியை ஏற்றிவிட்டார்கள், கோட்டையில் இருந்த அமெரிக்கர்கள் சண்டையில்லாமல் சரணடைந்தார்கள். மகளிடம் இதைச் சொல்லிக்கொண்டே கல்லில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டோம். குளிர்ந்த காற்று, கால் தண்ணீருக்குள், நல்லெண்ணெய் மணக்கும் புளியோதரை. ஊர்த் தெருவில் எந்த ஓட்டலும் இதற்கு ஈடாகாது.

அங்கிருந்து கிளம்பிச் சற்று தூரத்தில் மகள் சைக்கிளின் சங்கிலி கழன்றது. மாட்டினேன், திரும்பக் கழன்றது. ஐந்து முறை! மேற்குக் கரையில் எதிர்க்காற்று வேறு. எதிரே வந்த ஒரு பெரியவர் இறங்கிப் பார்த்து, சங்கிலி தேய்ந்து தொங்குகிறது, இதை வாடகைக்கே விட்டிருக்கக் கூடாது என்றார். அவர் இறுக்கிக் கொடுத்ததால்தான் மெதுவாகவாவது வந்து சேர்ந்தோம். கடையில் என்ன சொன்னார்கள் தெரியுமா? நேரம் தாண்டிவிட்டது, இன்னும் ஒரு மணி நேரத்துக்குக் காசு! சங்கிலி மாட்டி மாட்டிக் கருப்பான என் கையைக் காட்டினேன். அசையவில்லை. கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். குழந்தைகள் மட்டுமே ஓட்டும் சைக்கிளை இப்படி வைத்திருப்பது அநியாயம். எடுக்கும் முன் கடை வாசலிலேயே நாலு சுற்று ஓட்டிப் பாருங்கள், பிரேக்கையும் அழுத்திப் பாருங்கள். சொந்தச் சைக்கிளைத் தனிக் கட்டணத்தில் படகிலேயே கொண்டுவரலாம். நாள் முழுக்க ஓட்டுகிறவர்களுக்கு அதுதான் லாபம், அடுத்த முறை நாங்கள் அப்படித்தான்.

கோட்டைக்கு ஐந்து பேருக்கு டிக்கெட் எடுக்க மனம் வரவில்லை. அங்கே காட்சிக்காகப் பீரங்கி வெடித்த சத்தம் தெருவரை கேட்டது, பையனுக்கு அதுவே போதும். 1887இல் கட்டிய கிராண்ட் ஓட்டலின் நீண்ட தாழ்வாரத்தில் நடக்கவும் தங்காதவர்களிடம் காசு கேட்கிறார்கள், அதையும் விட்டோம். ஃபட்ஜ் என்ற இனிப்பை மட்டும் விடவில்லை. பளிங்கு மேசையில் பாகைக் கொட்டி, மடித்து மடித்து உருட்டுகிறார்கள். பால்கோவாவுக்கு அண்ணன் என்று அம்மா சான்றிதழ் கொடுத்துவிட்டாள். விலை அதிகம்தான், ஒரு துண்டு வாங்கி ஐந்தாக வெட்டினால் போதும்.

முதலிலேயே சொல்லியிருக்க வேண்டியது: கடைசிப் படகு நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், போகும்போதே பார்த்து வையுங்கள். அப்புறம் ஸ்வெட்டர். ஜூலைதானே என்று நாங்கள் எடுக்கவில்லை. திரும்பும் படகில் மேல்தட்டில் உட்கார்ந்தால்தான் பாலம் தெரியும் என்று பையன் அடம்பிடித்தான். பாதி வழியில் பல் கிட்டத் தொடங்கியதும் அம்மா தன் பருத்திப் புடவைத் தலைப்பை இழுத்து அவனைச் சுற்றிக்கொண்டாள். அதற்குள்ளிருந்து மூக்கை மட்டும் நீட்டி, கரை வரும்வரை அவன் பாலத்தையே பார்த்துக்கொண்டு வந்தான்.